எல்லைப்புறப் பிரசங்கியாரின் தடம்: ஜேம்ஸ் லெமன் வாழ்க்கையும் அதைத் தேடும் வழிகளும்

அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி, இண்டியானா, இல்லினாய், மிசூரி மாநிலங்களில் வேர்விட்ட குடும்பங்களில் பூர்விகம் தேடுவோர், ஏழெட்டுத் தலைமுறைக்கு மேலே போனதும் பெரும்பாலும் ஒரு பாப்டிஸ்ட் பிரசங்கியாரைச் சந்திக்கிறார்கள். பாட்டி சொன்ன கதையிலோ, குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதிவைத்த பெயர் வரிசையிலோ, சாய்ந்துபோன கல்லறைக் கல்லிலோ அவர் பெயர் இருக்கும். போதகர் என்றால் சபை ஆவணங்களில் அவரைப் பற்றி நிறையக் கிடைக்கும் என்று எண்ணித் தேடத் தொடங்குவது இயல்பு. ஆனால் 1780 முதல் 1830 வரை அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே வாழ்ந்த பாப்டிஸ்ட் பிரசங்கியார், அக்காலத்துச் சமய ஊழியர்களிலேயே மிகக் குறைவாக ஏடேறியவர்களில் ஒருவர். அதற்கான காரணங்கள் அவருடைய விசுவாசத்திலும் அவர் சார்ந்த சபையின் அமைப்பிலும் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால்தான் எங்கே தேட வேண்டும் என்பது விளங்கும்.

கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகளில் குழந்தை பிறந்த சில நாள்களில் ஞானஸ்நானம் கொடுத்து, பெற்றோர் பெயருடன் பதிவேட்டில் எழுதுவார்கள். விசுவாசத்தைத் தானே அறிக்கையிடக்கூடிய வயது வந்தவருக்கே ஞானஸ்நானம் என்பது பாப்டிஸ்ட்களின் அடிப்படைக் கொள்கை. ஆகவே பிறந்த தேதியோ பெற்றோர் பெயரோ சபை ஏட்டில் ஏற வேண்டிய தேவையே எழவில்லை. அதோடு, ஒவ்வொரு சபையும் தன்னளவில் சுதந்திரமானது. மேலே பேராயர் இல்லை, மறைமாவட்டம் இல்லை, ஊழியரை இங்கிருந்து அங்கு மாற்றும் ஆணைகளும் இல்லை. மெதடிஸ்ட் ஊழியர் ஒருவர் எந்த ஆண்டில் எந்தச் சுற்றில் குதிரையேறிப் போனார் என்பதை அவர்களுடைய மாநாட்டு அறிக்கைகள் ஆண்டுதோறும் அச்சிட்டே வைத்திருக்கின்றன. பிரெஸ்பிடேரியன் போதகருக்குக் கல்லூரிப் படிப்பு கட்டாயம் என்பதால், கல்லூரிப் பதிவுகளில் அவர் அகப்பட்டுவிடுகிறார். பாப்டிஸ்ட் பிரசங்கியாரோ ஊர்ச் சபையில் எழுந்து பேசுகிறார். அவருக்கு வரம் இருக்கிறது என்று சபையார் கருதினால் முதலில் பிரசங்கிக்க அனுமதி தருகிறார்கள். பிறகு அக்கம்பக்கத்து மூப்பர்கள் இரண்டு மூன்று பேர் கூடிக் கைவைத்து அபிஷேகம் செய்கிறார்கள். சம்பளம் அநேகமாகக் கிடையாது. கிடைத்தாலும் சோளம், கோதுமை, பன்றி இறைச்சி, உப்பு, விஸ்கி என்று பண்டமாகவே கிடைத்தது. வாரம் முழுவதும் ஏர் உழுது, மரம் வெட்டி, சனி ஞாயிறுகளில் பிரசங்கித்த அந்த மனிதர் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒரு விவசாயி மட்டுமே.

இந்த நிலையை விளக்க ஜேம்ஸ் லெமன் என்பவரின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 1760-இல் வர்ஜீனியாவில், ஹார்ப்பர்ஸ் ஃபெரி பக்கத்தில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் இரண்டாண்டுகள் படைவீரராக இருந்தார். 1782-இல் கேத்தரின் ஓகிள் என்பவரை மணந்தார். 1786-இல் மனைவி, கைக்குழந்தைகளுடன் ஒஹாயோ ஆற்றில் தட்டைப்படகு ஏறி, ஜூலை மாதம் மிசிசிப்பிக் கரையிலுள்ள கஸ்காஸ்கியாவை அடைந்தார். பயணத்தின் தொடக்கத்திலேயே, இரவில் ஆற்று நீர் வடிந்ததால் படகு ஒரு மரக்கட்டையின் மேல் தங்கிச் சாய்ந்து, உணவுப்பொருள்கள் எல்லாம் தண்ணீரோடு போயின என்றும், மூன்று வயது மகன் ராபர்ட் படுத்திருந்த மெத்தையோடு மிதந்து போனபோது தந்தை மெத்தையின் மூலையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார் என்றும் குடும்ப வரலாறு சொல்கிறது. இன்றைய மன்றோ கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நியூ டிசைன் என்ற குடியேற்றத்தில் அவர் வீடு கட்டிக்கொண்டார்.

அங்கே அப்போது பாப்டிஸ்ட் சபை எதுவும் இல்லை. 1787-இல் கென்டக்கியிலிருந்து ஜேம்ஸ் ஸ்மித் என்ற பிரசங்கியார் வந்து பேசினார். அவர் மறுபடியும் வந்திருந்த 1790-இல் கிக்கபூ பழங்குடியினர் அவரைச் சிறைபிடித்துச் செல்ல, நியூ டிசைன் மக்கள் 170 டாலர் திரட்டிக் கொடுத்து மீட்டார்கள். அந்த ஏழைக் குடியேற்றத்துக்கு அது பெருந்தொகை. 1794 பிப்ரவரியில் கென்டக்கியிலிருந்து வந்த ஜோசையா டாட்ஜ் என்ற மற்றொரு பிரசங்கியார், ஃபவுன்டன் ஓடையில் உறைந்திருந்த பனிக்கட்டியை உடைத்து நான்கு பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லெமனும் அவர் மனைவியும் அந்த நால்வரில் இருவர். இல்லினாயில் நடந்த முதல் பாப்டிஸ்ட் ஞானஸ்நானம் என்று அது குறிக்கப்படுகிறது. 1796-இல் டேவிட் பேட்ஜ்லி வந்து 28 பேருடன் நியூ டிசைன் சபையை ஒழுங்குபடுத்தினார். லெமனுக்குப் பிரசங்கிக்க அனுமதி கிடைத்தது 1808-இல்தான். இந்த ஆண்டுகளின் வரிசையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்: 1786-இல் இல்லினாய்க்கு வந்த லெமன் பிரசங்கியார் அல்லர், எந்தச் சபையிலும் உறுப்பினரும் அல்லர்.

அவர் ஏன் வந்தார் என்ற கேள்விக்கு விடை மாமனார் வீட்டில் இருக்கிறது. மாமனார் ஜோசப் ஓகிள், 1777-இல் வீலிங் நகரின் ஹென்றி கோட்டைப் போரில் படைத்தலைவராக நின்றவர். மருமகனுக்கு ஓராண்டு முன்பு, 1785-இல் இல்லினாய்க்கு வந்துவிட்டார். அதற்கும் முன்பே, 1778-இல் வர்ஜீனியாப் படைத்தலைவர் ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க்குடன் படையெடுத்து வந்து அந்த வளமான ஆற்றுச் சமவெளியைக் கண்ணால் கண்டவர்கள் திரும்பிவந்து குடியேறத் தொடங்கியிருந்தார்கள். எல்லைப்புறத்தில் யாரும் தனியாகப் போகவில்லை. பிரசங்கியாரைத் தேடுகிறவர் அவர் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் பாதி வழியில் தடம் அறுந்துபோகும். மைத்துனர், பக்கத்து நிலத்துக்காரர், திருமணத்துக்கு ஜாமீன் கையெழுத்திட்டவர் என்று சுற்றத்தையும் சேர்த்துத் தேடினால் அவர் எங்கிருந்து வந்தார் என்பது தானாகவே வெளிப்படும். இதற்கு மிகப் பெரிய சான்று லூயிஸ் கிரெய்க் நடத்திச் சென்ற குடிபெயர்ப்பு. வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா கவுண்டியில் அவர் போதகராக இருந்த சபை, 1781-இன் இலையுதிர் காலத்தில் ஏறக்குறைய முழுமையாகவே எழுந்து, கம்பர்லாண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்கு நடந்துபோய், டிசம்பரில் கில்பர்ட்ஸ் ஓடைக்கரையில் தங்கியது. சபையாரும் உடன் சேர்ந்தவர்களும் அவர்களுடைய அடிமைகளுமாக ஐந்நூறு பேருக்கு மேல் அந்தக் கூட்டத்தில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த மக்களில் ஒருவரை ஒரு கவுண்டியில் கண்டால், மற்றவர்களையும் அதே கவுண்டியில் தேடலாம்.

இதே கிரெய்க்கை அதற்கு முன்பு எங்கே காண்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1768 ஜூனில் ஸ்பாட்சில்வேனியா நீதிமன்றத்தில், ஜான் வாலர், ஜேம்ஸ் சைல்ட்ஸ் ஆகியோருடன் அமைதியைக் குலைத்த குற்றவாளியாக அவர் நிறுத்தப்பட்டார். வர்ஜீனியாவில் அப்போது ஆங்கிலிக்கன் சபையே அரசின் சபை. உரிமம் பெறாமல் பிரசங்கித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1786-இல் மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறும்வரை அந்தச் சபையின் தனிநிலை முற்றாக மறையவில்லை. ஆகவே வர்ஜீனியாவில் இளமையைக் கழித்த பாப்டிஸ்ட் மூதாதையைப் பற்றிய மிகப் பழைய ஆவணம், சபை ஏடாக இல்லாமல் குற்றவியல் நீதிமன்றத்தின் ஆணைப் புத்தகமாகவும் இருக்கக்கூடும். வழித்தோன்றல்கள் சிலர் அதைக் கண்டு திடுக்கிடுகிறார்கள். உண்மையில் அது பெருமைக்குரிய கண்டெடுப்பு.

சபைக்குள்ளே எழுதப்பட்டது என்ன? மாதம் ஒரு சனிக்கிழமை சபையின் நிர்வாகக் கூட்டம் நடக்கும். மறுநாள் ஞாயிறு ஆராதனை. ஒரே பிரசங்கியார் மாதத்தின் நான்கு வார இறுதிகளையும் நான்கு சபைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் உண்டு. அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுதான் பாப்டிஸ்ட் தேடலின் அசல் சுரங்கம். யார் விசுவாச அனுபவத்தைச் சொல்லிச் சேர்ந்தார், யார் பழைய சபையின் கடிதத்தோடு வந்து சேர்ந்தார், யாருக்கு வேறிடம் போக மாற்றுக் கடிதம் கொடுக்கப்பட்டது என்பவை அதில் உண்டு. அதைவிட அதிகமாகச் சண்டைகள் உண்டு. குடித்தார், குதிரைப் பந்தயத்துக்குப் போனார், நடனமாடினார், குதிரை விற்பனையில் ஏமாற்றினார், இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை என்று குற்றச்சாட்டுகள் எழுதப்படுகின்றன. விசாரிக்க இருவர் நியமிக்கப்படுகிறார்கள். அடுத்த மாதம் அவர் மன்னிப்புக் கேட்கிறார் அல்லது நீக்கப்படுகிறார். அமைதியாக வாழ்ந்து, ஒழுங்காக வந்துபோன மனிதரைப் பற்றிக் குறிப்பேடு ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. தகராறில் சிக்கியவரைப் பற்றி மாதக்கணக்கில் எழுதுகிறது. இந்தக் குறிப்பேடுகளைச் சபையின் எழுத்தர் தம் வீட்டில் வைத்திருந்ததால், பல ஏடுகள் பிரசங்கியாரின் வம்சத்தில் இல்லாமல் எழுத்தரின் வம்சத்தில் தலைமுறைகள் தங்கிவிட்டன. எஞ்சியவற்றில் பல இன்று நாஷ்வில்லில் உள்ள தென் பாப்டிஸ்ட் வரலாற்று நூலகத்திலும், அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க பாப்டிஸ்ட் வரலாற்றுச் சங்கத்திலும், மாநில ஆவணக் காப்பகங்களிலும் இருக்கின்றன. பல சபைகள் கூடிய சங்கங்களின் ஆண்டறிக்கைகள் அச்சிலேயே வந்தவை. எந்தச் சபையிலிருந்து யார் தூதராக வந்தார் என்ற பட்டியல் அவற்றில் இருப்பதால், பிரசங்கியார் ஒரு சபையை விட்டு அடுத்ததற்கு நகர்ந்த ஆண்டைக் கணிக்க முடியும்.

சபைக்கு வெளியே உள்ள ஆவணங்களில் நிலத்துக்கே முதலிடம். லெமன் வாழ்ந்த பகுதியில், 1790 ஆகஸ்ட் 1 அன்று ஊர்க்காவல் படையில் பெயர் பதிந்திருந்தவர்களுக்கு 100 ஏக்கர் தருவதாக 1791-இல் காங்கிரஸ் சட்டம் செய்தது. நிலத்தைத் திருத்திப் பண்படுத்தியவர்களின் உரிமைகளும் ஏற்கப்பட்டன. இந்தக் கோரிக்கைகளை விசாரித்த கஸ்காஸ்கியா ஆணையர்களின் அறிக்கைகள் அச்சில் கிடைக்கின்றன. அவற்றைப் படிப்பவர் ஓர் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பொய்ச்சாட்சி, போலிக் கையெழுத்து என்று நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை ஆணையர்களே தள்ளியிருக்கிறார்கள். நிலத்துக்காக ஒருவர் தாம் எப்போது வந்தார் என்று சொன்ன ஆண்டை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தக் காலத்துக்கு அவ்வளவாக உதவாது. 1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. கென்டக்கியின் 1790, 1800 கணக்கேடுகள் அழிந்துபோயின. அங்கே வரிப்பட்டியல்களைத்தான் நம்ப வேண்டும்.

திருமணப் பதிவுகளில் மணமக்களைவிட, மணம் செய்துவைத்தவரின் கையெழுத்து நமக்கு முக்கியம். வர்ஜீனியாவில் 1780-க்கு முன்பு பாப்டிஸ்ட் பிரசங்கியார் செய்துவைத்த திருமணம் சட்டத்தின் முன் செல்லாது. அந்த ஆண்டின் சட்டம் கவுண்டிக்கு நான்கு பேர் என்ற அளவில்தான் ஒவ்வொரு பிரிவின் ஊழியர்களுக்கும் அனுமதி கொடுத்தது. அதன்பின் பிரசங்கியார் தாம் நடத்திய திருமணங்களை நீதிமன்ற எழுத்தரிடம் அறிவித்த பட்டியல்கள், அவர் எந்த ஆண்டில் எந்த வட்டாரத்தில் குதிரையேறிப் போய்வந்தார் என்பதற்கு ஏறக்குறைய நாள்குறிப்பாகவே அமைகின்றன. இன்னோர் இடம் பலருக்குத் தோன்றுவதில்லை. 1832-இல் விடுதலைப் போர் வீரர்களுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் வந்தபோது, விண்ணப்பித்த முதியவரின் வயதும் போர்ச்சேவையும் ஊரறிந்தவை என்று அவ்வூர்ச் சமய ஊழியர் ஒருவர் சான்றளிக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதனால் தாம் போருக்கே போகாத பிரசங்கியாரும், தம் சபை முதியவர்களின் ஓய்வூதியக் கோப்புகளில் கையெழுத்தோடு இருக்கிறார். லெமன் 1820-களின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். அந்தச் சட்டத்தின் கீழ்த் தம் போர்க்கதையைத் தாமே நீதிமன்றத்தில் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை.

லெமனை வரலாற்றில் நிறுத்தியது 1809-இல் நடந்த பிளவு. இல்லினாயும் அடங்கிய வடமேற்கு ஆட்சிப்பகுதியில் அடிமைமுறை கூடாது என்று 1787-இன் சட்டம் விதித்திருந்தபோதும், பழைய பிரெஞ்சுக் குடிகளின் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். ஒப்பந்த வேலையாட்கள் என்று பெயர் மாற்றிப் புதிதாகக் கொண்டுவரவும் ஆட்சிப்பகுதிச் சட்டங்கள் இடங்கொடுத்தன. பாப்டிஸ்ட் சபைகளிலும் அடிமை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். 1809 ஜூலையில் ரிச்லாண்ட் ஓடைச் சபையில் எழுந்து, அடிமை வைத்திருப்போரோடு தாம் ஐக்கியம் கொள்ள முடியாது என்று லெமன் அறிவித்தார். அக்டோபரில் இல்லினாய் சங்கம் பிளந்தது. டிசம்பரில், பெரும்பாலும் தம் குடும்பத்தாரே கொண்ட மிகச் சிறு குழுவுடன், மனிதகுலத்தின் நண்பர்கள் என்ற கொள்கைப் பெயரில் அவர் தனிச் சபை அமைத்தார். அதுவே பிற்காலத்தின் பெத்தேல் சபை. அந்தப் பெயரும் கொள்கையும் கென்டக்கியிலிருந்து வந்தவை. அங்கே அடிமைமுறையை எதிர்த்ததற்காக டேவிட் பேரோ என்ற பிரசங்கியாரை 1806-இல் சங்கம் விலக்க, அவரும் கார்ட்டர் டாரன்ட்டும் 1807-இல் தனிச் சங்கம் கண்டார்கள். இந்த இயக்கத்தார் வகுத்த விதிகளிலும் விலக்குகள் இருந்தன. குறித்த வயதில் விடுதலை தருவதாக உறுதிகூறி இளம் அடிமைகளை வைத்திருப்பவர், கணவரின் உரிமையால் தாமே விடுதலை தர இயலாத பெண் போன்றோரை அவர்கள் ஏற்றார்கள். மூதாதையைத் தூய வீரராக வரைய விரும்பும் வழித்தோன்றல் இந்த விலக்குகளையும் சேர்த்தே எழுதுவது நேர்மை.

லெமன் குடும்பத்தின் கதை இங்கேதான் தடம்புரண்டது. லெமன் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், பேரன் ஒருவர் தாத்தாவின் நாள்குறிப்பிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் நகலெடுத்தவை என்று சில தாள்களை வெளியிட்டார். தாமஸ் ஜெபர்சனே லெமனை அழைத்து, வடமேற்கில் அடிமைமுறை வேர்விடாமல் தடுக்க இரகசியமாக அனுப்பினார் என்றும், 1809-இல் புதிய சபைக்கு 20 டாலர் அனுப்பினார் என்றும் அவை சொல்கின்றன. லிங்கன் எழுதியதாக ஒரு கடிதமும் அவற்றில் உண்டு. 1915-இல் இவை ஒரு தொகுப்பாக அச்சேறி, பல ஆண்டுகள் வரலாற்று நூல்களில் உண்மைபோல் உலவின. மூலத்தாள்களை வெளியார் யாரும் ஆராயக் கிடைக்கவில்லை. அனைத்தும் பேரன் கைப்பட எழுதிய நகல்களே. பின்வந்த ஆய்வாளர்கள் இவற்றைப் புனைவு என்றே கருதுகிறார்கள்.

நாம் மேலே கண்ட ஆண்டு வரிசையே இதைச் சந்தேகிக்கப் போதும். மேற்குப் பகுதிகளில் 1800-க்குப் பின் அடிமைமுறை கூடாது என்று ஜெபர்சன் 1784-இல் முன்மொழிந்ததும், அது ஒரே வாக்கில் தோற்றதும் உண்மை. அந்த உண்மையைச் சுற்றித்தான் கதை படர்ந்திருக்கிறது. ஆனால் 1780-களில் லெமன் சபை உறுப்பினர்கூட இல்லாத, இருபது வயதுகளில் இருந்த ஒரு விவசாயி. அவர் வந்ததற்கு, முந்தைய ஆண்டு வந்துசேர்ந்த மாமனார் என்ற காரணமே போதுமானது. ஜெபர்சனின் தூதர் என்ற கற்பனை லெமனை உயர்த்தவில்லை. உண்மையில் சிறுமைப்படுத்துகிறது என்றே நான் நினைக்கிறேன். யாருடைய கட்டளையும் இல்லாமல், ஐம்பதை நெருங்கும் வயதில், தம்மோடு கும்பிட்ட அயலாரையெல்லாம் பகைத்துக்கொண்டு எழுந்து நின்ற மனிதரை, ஒரு தலைவர் ஏவிவிட்ட ஆளாக அது மாற்றிவிடுகிறது.

குடும்பப் பெருமை இப்படி ஏடேறுவது லெமன் வீட்டோடு நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவுண்டிதோறும் வெளிவந்த பெரிய வரலாற்றுத் தொகுதிகளில் இருக்கும் வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் குடும்பத்தார் சொல்லித் தந்தவை. அவற்றைத் தொடக்கமாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளலாகாது. பெயர்க் குழப்பமும் உண்டு. ஜேம்ஸ் லெமனின் மகனும் ஜேம்ஸ் லெமன்தான், அவரும் பிரசங்கியார், 1818-இல் இல்லினாயின் அரசமைப்புச் சட்டத்தை வகுத்த மாநாட்டில் அமர்ந்தவர் அவர். அக்காலத்தில் மூத்தவர், இளையவர் என்ற அடைமொழிகள் தந்தை மகனை மட்டும் குறிக்கவில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய உறவில்லாத இருவரையும் அப்படிப் பிரித்தழைத்தார்கள். சங்கங்கள் பிளந்த விதமும் தேடுவோரை அலைக்கழிக்கும். 1812-இல் கல்கத்தாவில் ஞானஸ்நானம் பெற்ற லூதர் ரைஸ் அமெரிக்கா திரும்பி, பர்மாவில் மிஷனரி அடோனிராம் ஜட்சன் செய்த ஊழியத்துக்குப் பணம் திரட்டியபோது, மிஷனரிச் சங்கங்கள் வேதாகமத்தில் இல்லாதவை என்று எல்லைப்புறப் பிரசங்கியார்கள் பலர் எதிர்த்தார்கள். கென்டக்கியின் ஜான் டெய்லர், தாம் உறுப்பினராக இருந்த பத்துச் சபைகளின் வரலாற்றைப் பின்னாளில், 1823-இல், தாமே எழுதி வைத்தவர், 1820-இல் அந்த எதிர்ப்பை அச்சிலேயே வெளியிட்டார். 1830-களில் இந்தப் பிணக்கால் ஒரே சபை இரண்டாகி, இரண்டும் பழைய பெயரையே வைத்துக்கொண்ட ஊர்கள் உண்டு. மூதாதை எந்தப் பக்கம் நின்றார் என்று தெரியாமல் அவர் ஏட்டைத் தேடினால் அடுத்த வீட்டு ஏடுதான் கைக்கு வரும்.

இந்தக் குறிப்பேடுகளை வேறு ஒரு கூட்டத்தாரும் தேடுகிறார்கள். 1870-க்கு முந்தைய கணக்கெடுப்புகள் அடிமைகளின் பெயரை எழுதவில்லை; பாப்டிஸ்ட் சபைகளோ கறுப்பின மக்களையும் உறுப்பினராகச் சேர்த்து, உடைமையாளர் பெயரோடு இணைத்தேனும் அவர்கள் பெயரை எழுதின. வில்லியம் ஹிக்மன் போதகராக இருந்த, கென்டக்கியின் ஃபோர்க்ஸ் ஆஃப் எல்க்ஹார்ன் சபையின் 1807 ஜனவரிக் குறிப்பில், எஸ்தர் பௌல்வேரின் அடிமையான வின்னி என்ற பெண்ணின் மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. எஜமானுக்குப் பணிவிடை செய்வது கடமை என்று முன்பு நினைத்ததாகவும், கர்த்தர் தன்னை மனந்திருப்பிய பிறகு, கிறிஸ்தவர் எவரும் அடிமை வைத்திருப்பார் என்று தான் நம்பவே இல்லை என்றும் அவர் சொன்னாராம். கறுப்பின மக்களை நடத்திய விதத்துக்காக ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் நரகத்தில் புரண்டுகொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாராம். சபை அவரை நீக்கியது. நீக்கியதற்குக் காரணம் காட்ட வேண்டியிருந்ததால்தான் எழுத்தர் அந்த வார்த்தைகளை முழுதாக எழுதினார். ஹிக்மனின் வம்சத்தார் தங்கள் பிரசங்கியாரைத் தேடிப் புரட்டும் அதே ஏட்டில், வின்னியும் தம் சொற்களோடு இருக்கிறார்.